எண்பத்தொன்றுக்கும் எண்பதுக்கும் நடுவே

புறக்கரையில் ஐஸ் பேக்டரிச் சங்கும் மாதா கோயில் மணியும் காலை ஆறு மணிக்கு ஒன்றாகச் சத்தம் கொடுப்பது முப்பது வருஷத்து வழக்கம். அன்றைக்கும் கொடுத்தன, அன்றைக்கும் ஓய்ந்தன, ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது மட்டும் ஓயாமல், போகவும் போகாமல், பாக்கியநாதன் டீக்கடை வாசலில் நின்றுகொண்டது.

அதைச் சத்தம் என்று சொல்ல முடியாது. சத்தம் இரண்டும் போய்விட்டன. ஒன்று இவ்வளவு உயரம், மற்றது அவ்வளவு உயரம் என்று காட்டுகிற அந்த அகலம் மட்டும், மடிப்பதற்காக இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுத்த சேலையைப் போல, காற்றில் விறைப்பாக நின்றது. அதற்குள் போனவர்களுக்கு இடது காது ஒரு படியிலும் வலது காது வேறொரு படியிலும் நிற்பதுபோல் இருந்தது, பல் கூசியது, காரணமில்லாமல் யாரோ ஒருவருடைய ஞாபகம் வந்தது. பாக்கியநாதன் வெந்நீர் தெளித்துப் பார்த்தான், விளக்குமாற்றால் தள்ளிப் பார்த்தான், கடைசியில் பெஞ்சை இரண்டடி நகர்த்திப் போட்டுவிட்டு, "கடை வாசல்ல நிக்கிறவன் டீ குடிக்கணும், இல்லேன்னா ஓரமா நிக்கணும், பாத்துக்க" என்று அதனிடமே சொன்னான். மூன்றாம் நாள் தெரு நாய் ஒன்று அதற்குள் படுத்துத் தூங்க ஆரம்பித்தது. நாய் படுத்த பிறகு ஊர் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டது.

அடுத்த வாரம் அதைப் போன்றவை வீடுகளுக்குள்ளும் வந்தன. குக்கர் விசிலுக்கும் தொட்டில் பிள்ளையின் அழுகைக்கும் நடுவில் இருந்தது ஒரு அடுக்களையில் நின்றது. பாகப்பிரிவினையில் கத்திக்கொண்ட அண்ணன் தம்பி இருவருடைய குரலுக்கும் நடுவில் இருந்தது, அவர்கள் சமாதானமான பிறகும், முற்றத்தில் மாட்டை அவிழ்க்கவிடாமல் நின்றது. ஊர் இவற்றுக்கு 'நடுவு' என்று பேர் வைத்தது. "எங்க வீட்டுல மூணு நடுவு", "எங்க மச்சு மேல ஒண்ணு இருக்கு, சாதுவானது" என்று பெண்கள் தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டார்கள். நடுவு நிற்கிற வீட்டில் தயிர் உறையாது. பிள்ளைகள் பாட்டுப் பாடினால் குரல் நடுவழியில் வழுக்கும். மற்றபடி தொந்தரவு கிடையாது.

ஐப்பசி மழைக்குக் கிணற்றில் அடியிலுள்ள தண்ணீர் மேலே வருவதுபோல, அதன் பிறகுதான் பழைய நடுவுகள் வந்தன. செத்துப்போன மாமியாரின் இருமலுக்கும் மருமகளின் பதிலுக்கும் நடுவில் இருந்தது. கொழும்புக்குப் போய்த் திரும்பாத தம்பி வாசலில் நின்று கூப்பிட்ட குரலுக்கும் அக்காள் உள்ளேயிருந்து "வாரேன்" என்றதற்கும் நடுவில் இருந்தது. ஒரு முனைக்குச் சொந்தக்காரர் உயிரோடு இருப்பார், மறுமுனைக்கு ஆள் இருக்காது. அந்த வீடுகளில் இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு தட்டு கூடுதலாக வைத்தார்கள், யாரும் சொல்லி வைக்கவில்லை, கை தானாக எடுத்து வைத்தது.

அவற்றை அனுப்பும் வழியைப் பாக்கியநாதன்தான் தற்செயலாகக் கண்டுபிடித்தான். பால் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தவன், மறந்துபோய், தன் மகனை அதட்டுகிற அதே பழக்கத்தில் "ஏல அந்தோணி, தள்ளுல" என்றான். நடுவு போய்விட்டது. சேலையின் ஒரு முனையை ஒருத்தி விட்டதுபோல் காற்று தளர்ந்தது, நாய் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு நடந்தது.

பேர் வைத்தால் போகிறது என்று தெரிந்ததும் புறக்கரைக்காரர்கள் பிள்ளைகளுக்குப் பேர் வைப்பது மாதிரியே வைத்தார்கள், அதாவது அந்தந்த நாளுக்கு எந்தப் புனிதரோ அந்தப் பேர். ஒரே வாரத்தில் ஊரிலிருந்த நடுவுகள் எல்லாம் அந்தோணியாகவும் சவேரியாகவும் லூசியாகவும் ஆகிப் போய்விட்டன. தயிர் உறைந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர் அதைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார். அன்று மத்தியானம் பாக்கியநாதன் மகனைச் சாப்பிடக் கூப்பிட்டான்: "அந்தோணி." மகன் வந்தான், மகனுக்குப் பின்னால் வரிசையாகப் பதினொரு நடுவுகளும் வந்து நின்றன. தெருவுக்குத் தெரு அதே கதை. புறக்கரையில் அந்தோணி மட்டும் அறுபத்திரண்டு பேர். யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட முடியாமல், "ஏ, ஒன்னத்தான்" என்றும் "நீலச் சட்டை" என்றும் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டு ஊர் பத்து நாள் தவித்தது.

அப்போதுதான் இந்த வேலை ஜெசிந்தாவிடம் வந்தது.

ஜெசிந்தா பேரூராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதுகிறவள். நாற்பத்தோரு வயது. வலை பின்னுகிற குடும்பத்துப் பெண், கண்ணி எண்ணிப் பழகிய கை, எதையும் எண்ணாமல் நம்பாது. செயல் அலுவலர் மேற்கே கோபிப் பக்கத்துக்காரர், ஊருக்கு வந்து ஆறு மாசம், "பாருங்கம்மா, எது வந்தாலும் பேரும் பதிவும் இருந்தாத்தான் அது பாட்டுக்கு இருக்கும். ஒருத்தருக்கும் இல்லாத பேரா இருக்கோணும். ஒண்ணோட பேரு இன்னொண்ணுக்கு வரக்கூடாது. நீங்க பாத்துக்குங்க" என்று ஒரு புது நோட்டைக் கொடுத்துவிட்டு, தன் அறையில் நின்றிருந்த நடுவுக்கு இடைஞ்சல் இல்லாமல் நாற்காலியைச் சாய்த்து உட்கார்ந்தார்.

ஜெசிந்தா ஒரு படகுப் பலகை எடுத்தாள். அதன் மேல் தூண்டிலுக்குப் போடுகிற தங்கூசி நரம்புகள் இரண்டை ஒரே இழுப்பில் கட்டினாள். ஒவ்வொன்றின் அடியிலும் நகர்த்துவதற்கு ஒரு மிதப்புக்கட்டை. பக்கத்தில், நீளம் பார்க்க, ஒரே அளவில் பின்னிய வலைத்துண்டு. பலகையை நடுவுக்குள் கொண்டுபோய் வைத்து, நரம்புகளைச் சுண்டியபடி கட்டைகளை நகர்த்திக்கொண்டே போனால், ஓரிடத்தில் நடுவு வந்து இரண்டு நரம்பிலும், இரண்டு கம்பியில் கால் வைத்து உட்காரும் காக்கையைப் போல, பொருந்தி உட்கார்ந்துவிடும். அப்போது கண்ணிகளை எண்ண வேண்டும். இந்த நரம்பு மூன்று கண்ணி என்றால் அது இரண்டு. இது ஐந்து என்றால் அது நான்கு. எந்த நடுவும், எவ்வளவு முரண்டு பிடித்தாலும், கடைசியில் இரண்டு முழு எண்களில் வந்து உட்கார்ந்தது.

பேரை அந்த எண்களிலிருந்தே எடுத்தாள். ஒரு குரலை இரண்டு மடங்காக்கினால் அதே ஆள் மாடியில் ஏறி நிற்பதுதான், வேறு ஆள் அல்ல. அதனால் இரண்டுக்குப் பேரில் இடமில்லை. மூன்றும் ஐந்தும் ஏழும்தான் வேறு தெருவுக்குக் கூட்டிப் போகிறவை. பெரிய எண்ணை வகுத்துப் பிரித்தால் என்ன கிடைக்கிறதோ அது ஏறும், சின்ன எண்ணைப் பிரித்தால் கிடைப்பது இறங்கும். மூன்றுக்கு இரண்டு என்றால் மூவேறி. நான்குக்கு மூன்று என்றால் மூவிறங்கி. ஐந்துக்கு நான்கு ஐயேறி. சங்குக்கும் மணிக்கும் நடுவில் நின்றது ஆறுக்கு ஐந்து, ஆறுக்குள் ஒரு மூன்று இருக்கிறது, ஆகவே அது மூவேறி ஐயிறங்கி. இந்த முறையில் ஒரு பேர் இரண்டு நடுவுக்கு வரவேண்டுமென்றால் அந்த இரண்டும் ஒரே அகலமாக இருக்க வேண்டும், ஒரே அகலமாக இருந்தால் அவை இரண்டு அல்ல. ஞானஸ்நானத்தில் எந்தக் குழந்தைக்கும் யாரும் ஐயிறங்கி என்று பேர் வைக்கப் போவதில்லை.

ஆனால் இந்தப் பேர்களை வாயால் சொன்னால் போதவில்லை, நடுவு முகத்தை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு நின்றது. ஒரு முனையின் சுருதியில் நின்று தொடங்கி, பேர் சொல்கிற வழியே குரலால் நடந்து, மறுமுனைக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்ததும் அது போகும், திரும்பி வராது. அதற்கு ஒரு கூலியும் உண்டு. பேர் சொன்னவருடைய தொண்டை, பேர் கொண்டுபோய் விட்ட இடத்திலேயே நின்றுவிடும். சங்கின் முனையிலிருந்து மணியின் முனைக்கு நடந்த பாக்கியநாதன் அன்றிலிருந்து மணிக் குரலில்தான் டீ வேண்டுமா என்று கேட்கிறான். "வெங்கலத் தொண்டை ஆயிட்டு எக்கா, ஏவாரம் என்னமோ கூடித்தான் இருக்கு" என்றான். புருஷன் பெண்டாட்டி நடுவை அனுப்பியவர்கள் ஒருவர் குரலின் உயரத்தை மற்றவர் வாங்கிக்கொண்டு கொஞ்ச நாள் வெட்கத்தோடு நடமாடினார்கள். ஜெசிந்தா நோட்டில் ஒரு பத்தி கூடுதலாகக் கோடு போட்டு, 'சம்மதம்' என்று தலைப்பு எழுதி, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினாள்.

மாசி முடிவதற்குள் நானூற்றுப் பதினேழு நடுவுகளுக்குப் பேர் எழுதியாகிவிட்டது. ஒன்றுக்கு மட்டும் எழுதவில்லை. அது அவள் வீட்டில் இருந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் கூவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்கழி, தை மாசங்களில் புறக்கரைக் கடல் விடிந்த பிறகும் பனிமூட்டத்தில் இருக்கும், கை நீட்டினால் விரல் தெரியாது. வள்ளம் கரை தேடும்போது ஆண்கள் தொண்டையை இறுக்கி மேலே ஏற்றி ஒரு கூவல் விடுவார்கள். கரையில் நிற்கிற மனைவி தன் சுருதியில் திருப்பிக் கூவுவாள். அவள் குரல் வருகிற திசைதான் கரை. கல்யாணத்துக்கு முந்திய வாரம் மாப்பிள்ளையும் பெண்ணும் பெரியவர்கள் முன்னால் நின்று இதைப் பழக வேண்டும், ஒருவர் சுருதி மற்றவரிடமிருந்து நன்றாக விலகி இருக்க வேண்டும், ஏனென்றால் தெற்கே முட்டுக்கல் என்று ஒரு பாறைச்சுவர் உண்டு, நாம் போடுகிற கூவலை அது அப்படியே திருப்பித் தரும், தன் குரலைப் பெண்டாட்டி குரல் என்று நினைத்துப் போனவன் பாறையில்தான் போய் முட்டுவான்.

ஜெசிந்தாவும் தஸ்நேவிசும் பழகிய வாரத்தில் அவர்களுடைய கூவல் விலகவே இல்லை. அவன் எங்கே ஏற்றினாலும் அவள் போய் அங்கேயே நின்றாள், அவள் எங்கே இறங்கினாலும் அவன் பின்னாலேயே இறங்கினான். "கடல்ல நிக்கிறது யாரு, கரையில நிக்கிறது யாருன்னே தெரியலியே" என்று ஊர் கேலி செய்தது. மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு பேரும் சிரித்தார்கள், மாற்றவில்லை. இரண்டு கூவலும் சேரும்போது ஒரு நடுக்கம் வரும், தண்ணீரில் விழுந்த வெயில் மாதிரி, அது அவர்களுக்குப் பிடித்திருந்தது.

ஐந்து வருஷம் அப்படியே வந்தான். ஆறாவது வருஷம் தை மாசம், மகள் ரெனிட்டாவுக்கு மூன்று வயது, பனிக்குள்ளிருந்து அவன் கூவல் கேட்டது, ஜெசிந்தா கூவினாள், அவன் மறுபடி கூவினான், அவள் கூவினாள், அவன் குரல் தெற்கே தெற்கே போயிற்று, அப்புறம் இல்லை. உடம்பும் கிடைக்கவில்லை. யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் பதின்மூன்று வருஷமாக அவள் காதில் இருந்தது. ஊர் முழுக்க இறப்பு எழுதுகிறவள் புருஷனுடைய இறப்பை மட்டும் எழுதாமல் வைத்திருந்தாள், ஒவ்வொரு பனிக்காலமும் விடியலில் கரைக்குப் போய்த் தன் சுருதியில் ஒரு முறை கூவிவிட்டு வருவாள், கூவியபின் பதிலுக்கு நிற்கமாட்டாள்.

அந்த நடுவு அவள் வீட்டு நடைக்கு வந்தது கார்த்திகையில். மற்றவை சேலை அகலம் என்றால் இது நூல் அகலம். வீட்டுக்குள் வருகிறவர்கள் கவனிக்கவே மாட்டார்கள், ஆனால் நடையில் தொங்கிய கண்ணாடியில் முகம் லேசாக நடுங்கித் தெரியும், குடத்துத் தண்ணீர் சும்மா இருக்கும்போதே வட்டம் வட்டமாக விரியும். ஜெசிந்தா பார்த்ததும் தெரிந்துகொண்டாள். அன்று சோற்றுத் தட்டு மூன்று வைத்தாள்.

பலகையை அதன் பக்கம் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால் எண்ண வேண்டும், எண்ணினால் ஒன்றுக்கு ஒன்று என்று வந்துவிடும் என்று பயந்தாள். ஒன்றுக்கு ஒன்று என்றால் அவன் குரலும் அவள் குரலும் ஒன்றேதான், பாறை சொன்னதும் அவள் சொன்னதும் ஒன்றேதான், அப்புறம் அவனைத் தெற்கே கூட்டிப்போனது யார் என்று தெரியாது என்று சொல்லிக்கொள்ள முடியாது, கூட்டிப்போனது அவள் குரல்தான்.

தையில் ரெனிட்டாவின் குரல் மாறத் தொடங்கியது. பதினாறு வயது, கோயில் பாட்டுக்குழுவில் தனியாகப் பாடுகிறவள், துலக்கிய செம்பு மாதிரிக் குரல். முதலில் பாட்டின் கடைசிச் சுரம் மட்டும் ஓரிடத்துக்கு நழுவியது. பிறகு பேச்சும் அங்கேயே போயிற்று. கேள்வி கேட்டாலும் சிரித்தாலும் குரல் ஒரே உயரத்தில் தட்டையாக நின்றது, சொற்கள் மட்டும் அதன் மேல் ஒட்டிக்கொண்டு போயின. பாட்டுக்குழுவில் கொஞ்ச நாள் ஓய்வு எடுக்கச் சொன்னார்கள். அதன் பிறகு அவள் பேசுவதே குறைந்தது. ஒரு சாயங்காலம் ஜெசிந்தா அரிசி களைந்துகொண்டிருக்கையில் நடையிலிருந்து "ஜெசீ" என்று ஒரு குரல் கூப்பிட்டது.

திரும்பிப் பார்த்தாள். ரெனிட்டா கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னட்டி கூப்பிட்ட?"

"நான் கூப்பிடலியேம்மா," என்றாள் அவள், அதே உயரத்தில்.

பெற்ற தாய் அப்போதே பயந்திருக்க வேண்டும். ஜெசிந்தாவுக்குப் பயம் வந்தது, ஆனால் அது இரண்டாவதாக வந்தது. முதலில் வந்தது வேறு. அடுத்த நாள் அலுவலகத்திலிருந்து அரை மணி முன்னதாகப் புறப்பட்டாள், மல்லிகைப்பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள், வீட்டுக்கு வந்து அடுக்களையில் நடைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கூப்பிடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டது. இரண்டு வாரம் அப்படிப் போயிற்று. பிள்ளை மெலிந்தது.

தஸ்நேவிசின் தங்கை அமலோற்பவம் அடுத்த தெருவில் வலை முடிகிறவள். வாயில் வெற்றிலையும் மடியில் நூல்கண்டும் இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. மீன் குழம்பு கொடுக்க வந்தவள், ரெனிட்டா "வாங்க அத்த" என்றதைக் கேட்டு, தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, அப்படியே சுவரோரம் உட்கார்ந்தாள்.

"மைனி," என்றாள், "இது எங்கண்ணன் தொண்டைலா."

ஜெசிந்தா தூக்குவாளியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"எத்தன நாளா?"

"தையிலேருந்து."

"தையிலேருந்து இங்கன ஒரு நடுவ வச்சிக்கிட்டு, பூவும் வச்சிக்கிட்டு இருக்கிய. ஊருக்கெல்லாம் பேரு எழுதுதிய." அமலோற்பவம் குரலை உயர்த்தவில்லை. "அதுக்கு ஒரு பக்கத்துக் காலு நீங்க. மறுகாலு ஊன எடமில்லாம பிள்ள கழுத்துல ஊனியிருக்கு. இன்னும் ஒரு மாசம் விட்டா இவ பேசுதது ஒண்ணும் இவளுக்கு இருக்காது. தெரிஞ்சுதானே இருக்கிய?"

"தெரியும்."

"பின்ன?"

"எண்ணிப் பாத்தா ஒண்ணுக்கு ஒண்ணுன்னு வரும் அமலி. நாங்க ரெண்டு பேரும் ஒரே குரலு. ஊரே சொல்லிச்சே. பாறை கூவினத நான்னு நெனச்சித்தான் அவுக போனாவ. அத என் கையால எண்ணி, என் கையால நோட்டுல எழுதச் சொல்லுதியா?"

அமலோற்பவம் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள். வலைக்காரி ஓட்டையைப் பார்ப்பதுபோல அண்ணியைப் பார்த்தாள்.

"படிச்ச ஆளு பேசுத பேச்சா இது. ஒரே குரலா இருந்தா நடுவுல ஒண்ணும் இருக்காதுலா? இல்லாத ஒண்ணு எப்படி மைனி உங்க வீட்டு நடையில வந்து நிக்கும்?"

குடத்துத் தண்ணீரில் வட்டம் விரிந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய்ப் பலகையை எடுத்துவந்தாள்.

அது லேசில் உட்காரவில்லை. ஒரு கால் பெண்ணின் கழுத்தில் இருந்ததால் ரெனிட்டாவைப் பலகை ஓரத்தில் உட்காரவைத்துக் கூவச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் கூவினாள். பதின்மூன்று வருஷத்துக்கு முந்திய காலை ஒன்று முழுதாக வீட்டுக்குள் வந்தது. அமலோற்பவம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஜெசிந்தா கட்டையை ஒரு நகக்கண் நகர்த்தினாள், இன்னொரு நகக்கண் நகர்த்தினாள், வீட்டிலிருந்த வலைத்துண்டு போதாமல் அமலோற்பவம் மடியிலிருந்த பொடிக்கண்ணி வலையைப் பக்கத்தில் விரித்தாள், பொழுது சாய்வதற்குள் நடுவு இரண்டு நரம்பிலும் வந்து உட்கார்ந்தது. எண்ணினாள். மறுபடி எண்ணினாள். அமலோற்பவத்தை எண்ணச் சொன்னாள்.

அவளுடைய நரம்பு எண்பத்தொரு கண்ணி. அவனுடையது எண்பது.

"ஒண்ணு கொறையுது," என்றாள் அமலோற்பவம். "பாத்தியளா? ஒரு கண்ணி தள்ளித்தான் நின்னுருக்கான்."

எண்பத்தொன்றுக்குள் நான்கு மூன்றுகள். எண்பதுக்குள் ஓர் ஐந்து, மற்றதெல்லாம் இரண்டு. ஜெசிந்தா நோட்டைத் திறந்து நானூற்றுப் பதினெட்டாவது வரியில் எழுதினாள்: மூவேறி மூவேறி மூவேறி மூவேறி ஐயிறங்கி. சம்மதம் என்ற பத்தியில் தன் கையெழுத்தைப் போடும்போது பேனா நின்றது. பேரை நடந்து முடித்தால் அவள் தொண்டை அவனுடைய முனையில் நின்றுவிடும். அவளுடைய சுருதி, அவன் பனிக்குள் அடையாளம் வைத்திருந்த அந்தச் சுருதி, அதன் பிறகு உலகத்தில் யாரிடமும் இருக்காது. எந்தக் காலையிலாவது கடலிலிருந்து ஒரு கூவல் வந்தால் கரையில் பதில் சொல்ல ஆள் இருக்காது.

"அம்மா," என்றாள் ரெனிட்டா. அதே தட்டையான உயரத்தில்தான் சொன்னாள், ஆனால் அவள் விரல்கள் தாயின் சேலை முனையைச் சின்ன வயதில் பிடிப்பதுபோல் பிடித்திருந்தன. "எனக்கு எங்குரலு வேணும்மா."

கையெழுத்துப் போட்டாள்.

நடைக்குப் போய் நடுவுக்குள் நின்றாள். தன் சுருதியை எடுத்தாள், கடைசித் தடவையாக என்று தெரிந்ததால் கொஞ்சம் நீட்டியே பிடித்தாள். பிறகு ஏறினாள். மூவேறி, குரல் அடுத்த தெருவில் போய் நின்றது. மூவேறி, அங்கிருந்து இன்னொரு தெரு. எட்டாத உயரத்தில் குரலைப் பாதியாக்கி இறங்கிக்கொண்டாள், இறங்கினாலும் ஆள் அதே ஆள். மூவேறி, அவர்கள் கல்யாணம் நடந்த வாரம் வழியில் வந்து நின்றது, கடந்துபோனாள். மூவேறி, பனி. அந்தப் பனிக்குள் அவள் நிற்கவில்லை. ஐயிறங்கி என்று இறங்கினாள், புறப்பட்ட வாசலுக்கே வந்துவிட்டோம் என்று தோன்றியது, நான்கு தெரு சுற்றி வருகிற எவருக்கும் அப்படித்தான் தோன்றும், ஆனால் வாசல் ஒரு மயிரிழை மேலே இருந்தது. அவள் அவன் நின்ற இடத்தில் நின்றாள். அங்கிருந்து, ஒரே ஒரு மூச்சு நேரம், தான் இதுவரை நின்ற இடத்தைப் பார்த்தாள்.

குடத்துத் தண்ணீர் அசையாமல் நின்றது.

"அத்த, எனக்குப் பசிக்கி," என்றாள் ரெனிட்டா. துலக்கிய செம்பு மாதிரிக் குரல் மேலேயும் கீழேயும் ஆடி வந்தது. அமலோற்பவம் முந்தானையை வாயிலிருந்து எடுத்து, அழுதுகொண்டே தூக்குவாளியைத் திறந்தாள்.

மறுநாள் ஜெசிந்தா அலுவலகத்தில் இறப்புப் பதிவேட்டை எடுத்தாள். தஸ்நேவிஸ், வயது முப்பத்திரண்டு, தொழில் கடல் தொழில். இறந்த இடம் என்ற கட்டத்தில் வெகுநேரம் யோசித்து, 'கடல்' என்று மட்டும் எழுதினாள். செயல் அலுவலர் கேட்க வேண்டியதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

அந்த வருஷம் பனி பங்குனி முதல் வாரம் வரை நீடித்து நின்றது. ஒரு விடியலில் வழக்கம்போல ஜெசிந்தா கரைக்குப் போனாள், கூவ வேண்டும் என்று போகவில்லை, கால் பழகிய வழியில் போயிற்று, ரெனிட்டாவும் கூட வந்தாள். பெண்கள் அங்கங்கே நின்று கூவிக்கொண்டிருந்தார்கள், பனிக்குள்ளிருந்து புருஷன்மார் பதில் வந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா சும்மா நின்றாள். பிறகு, தன் தொண்டையில் இப்போது இருந்தது எதுவோ அதைக் கொண்டு, தெற்கே பார்த்து, ஒரு முறை கூவினாள்.

முட்டுக்கல் அதைத் திருப்பிக் கொடுத்தது. பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் பதிலுக்கு நின்றிருந்தாள். அவனுடைய கூவலும் அதன் எதிரொலியும் ஒன்றன் மேல் ஒன்று வந்து படிந்தன, எண்பதுக்கு எண்பது, எண்ணெய் மேல் எண்ணெய் ஊற்றியதுபோல. ஒரு சிறு நடுக்கம்கூட இல்லை.

வள்ளத்தில் நின்று பாறையிடமிருந்து அவன் கேட்டது இதுதான். இதில் நடுக்கம் இல்லை. அவள் கூவினால் நடுங்கும். தண்ணீரில் விழுந்த வெயில் மாதிரி நடுங்கும். எது பாறை, எது அவள் என்று அவனுக்குக் கடைசி வரைக்கும் தெரிந்திருந்தது. கடல் அவனை விடவில்லை, அவ்வளவுதான்.

"என்னம்மா?" என்றாள் ரெனிட்டா.

"ஒண்ணுமில்லட்டி. கேட்டுக்கிட்டிருக்கேன்."

பெண் தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தானும் கடலைப் பார்த்து, யாருக்கென்று இல்லாமல், தன் சொந்தக் குரலில் ஒரு கூவல் விட்டாள். அது தாயின் கூவலிலிருந்து நன்றாக விலகி, வேறு தெருவில், கேட்டவர்கள் அடையாளம் சொல்லும்படி நின்றது. பனிக்குள் எங்கோ திசை தப்பிய யாரோ ஒருவன் துடுப்பைத் திருப்புகிற சத்தம் கேட்டது.